ஒரே பானைச் சோறு

விடிகாலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுப் பின்கதவில் இரண்டு தட்டு விழும். திறந்தால் அமுதவள்ளியக்கா நிற்பாள். கையில் சின்ன எவர்சில்வர் கிண்ணம், அதில் இரண்டு கரண்டி சாம்பார், ஆவி பறக்கும்.

"உப்பு பாரு புனிதா."

நான் பல் துலக்கினேனா, முகம் கழுவினேனா என்றெல்லாம் அவளுக்கு அக்கறை கிடையாது. வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டு, "சரியா இருக்குக்கா" என்றோ, "புளி தூக்கல், கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றோ சொல்வேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு பின்சந்து வழியாகத் தன் அடுப்படிக்கு ஓடுவாள். ஞாயிறு நீங்கலாக ஐந்து வருஷம் இது நடந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். கிள்ளானை அடுத்த பண்டமாரானில், எங்கள் தாமான் குடியிருப்பின் முகப்பில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்து, தினம் அறுபது எழுபது பேருக்குச் சமைத்துப் போட்ட அந்தப் பெண்பிள்ளைக்கு நாக்கில் ருசி இல்லை. உப்பும் தெரியாது, புளியும் தெரியாது, எரிச்சல் மட்டும் தெரியும். இது அவளுக்கும், அவள் புருஷன் ராதாகிருஷ்ணன் அண்ணனுக்கும், பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சமைக்கிறவளுக்கே ருசி தெரியாதாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர் வேலை. டாக்டர் உங்கள் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாளே ஒருத்தி, அவள்தான் நான். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இதை எழுதும்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார்மேல் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அக்கா பிறவிச் சைவம் கிடையாது. ஒரு காலத்தில் அவள் கடையே மீன் தலைக் கறிக் கடை. போர்ட் கிள்ளானில் படகு வந்து சேரும் நேரத்துக்குப் போய் நிற்பாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒன்றையும் வாங்க மாட்டாள். மத்தியானம் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர்கள் கடைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். அதில் ஒருவர்தான் ராதாகிருஷ்ணன் அண்ணன். கறிக்கு வந்தவர் கறி வைத்தவளையே கட்டிக்கொண்டார் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். அக்காவும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பாள்.

ஒரே பெண் தாமரை. அவளுக்கு ஆறு வயதில் டெங்கி வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கின. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து கையை விரிக்காத குறையாகப் பேசிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வாசலில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். அப்போது அண்ணன் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"முருகா, எம்பிள்ளையக் குடுத்துரு. நாங்க ரெண்டு பேரும் உசுரு உள்ள வரைக்கும் கவுச்சி தொடமாட்டோம்."

வேண்டுதலை முதலில் வாயால் சொன்னவர் அவர். நான் என் காதால் கேட்டேன். அக்கா அதற்குப் பிறகுதான், "ஆமா முருகா, ரெண்டு பேரும்" என்றாள்.

பிள்ளை பிழைத்தது. பத்துமலைக்குப் போய் அண்ணன் மொட்டை போட்டார். அக்கா மீன் சட்டிகளை எல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு, கடையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "சைவக் கடை" என்று போர்டு மாறியது. லோரிக்காரர்கள் வருவது நின்றுபோனது. ஆனால் அவள் கை சும்மா இருக்குமா? பூசணிக்காய் சாம்பாரையும் வாழைப்பூ வறுவலையும் வைத்தே ஆறு மாதத்தில் பாதிப் பேரைத் திரும்ப வரவழைத்தாள். மீன்காரி கையில் இப்படி ஒரு ரசமா என்று நானே வாயைப் பிளந்தேன்.

ஏழெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள், "நாக்கு எரியுது" என்றாள்.

நாக்கு எரிந்தால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? உஷ்ணம். தாமான் முழுக்க வைத்தியர்கள்தானே! மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் குடி என்றாள் ஒருத்தி. இளநீர் என்றாள் இன்னொருத்தி. நான் என் பங்குக்கு கிளினிக்கிலிருந்து வாய்ப்புண் மருந்து கொண்டுவந்து கொடுத்தேன். புண் ஒன்று ஆறும், இரண்டு வரும். உதட்டோரம் வெடித்தது. மெல்ல மெல்ல ருசி போனது. கால் விரல்களில் ஊசி குத்துகிறது என்றாள். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். கிண்ணம் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது அப்போதுதான்.

உஷ்ணம் இல்லை என்று அவளாகவே ஒரு நாள் முடிவு கட்டினாள். அதற்குப் பதில் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டுதல்ல குத்தம் வந்திருச்சு புனிதா. எங்கியோ கல்யாண வீட்டுல கவுச்சிக் கரண்டிய சைவக் கொழம்புல போட்டிருப்பானுங்க, நான் தெரியாம தின்னிருப்பேன். அதான் நாக்குல காட்டுறான். நாக்கோட விட்டா பரவால்ல, பிள்ளை மேல கை வெச்சிட்டான்னா?"

அவள் பயம் அதுதான். ருசி போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தாமரையைத் திருப்பி வாங்கிக்கொள்வானோ என்ற அந்த ஒரு பயம் ராப்பகலாக அவளைத் தின்றது. வெளியே சாப்பிடுவதை விட்டாள். வெங்காயம், பூண்டு விட்டாள். செவ்வாய், வெள்ளியோடு சனிக்கிழமை விரதமும் சேர்ந்துகொண்டது.

இப்போது நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தள்ளிப் போட்டால் எழுதவே மாட்டேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாள் காலை. பூ வாங்கலாம் என்று கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினேன். பின்பக்கம் சீனர் கடை ஒன்று உண்டு. மண்சட்டியில் பன்றி எலும்பு சூப் கொதிக்கும் வாசம் ரோடு வரைக்கும் வரும். அந்த சூப்புக்குப் பேர் பக் குத் தே; அதற்காகக் கிள்ளானுக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். அங்கே, ரோட்டைப் பார்த்த மேசையில், இரண்டு லோரிக் கூட்டாளிகளுக்கு நடுவில் ராதாகிருஷ்ணன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் எலும்பு. என்னைப் பார்த்ததும் அந்த எலும்பு வாய்க்கும் சட்டிக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். ஆமாம், சிரித்தேன்.

"என்னா அண்ணே, முருகனுக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

எழுந்து ஓடி வந்தார். "புனிதா, அக்காகிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா செத்துருவா. பன்னெண்டு மணி நேரம் லோரி ஓட்டுறேன்லா, சாம்பார் எவ்ளோ நேரம் தாங்கும் சொல்லு."

"உங்க பாடு, உங்க சாமி பாடு" என்று சொல்லிவிட்டு மல்லிகைப் பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். ஒரு குடும்பத்தை உடைத்த பாவம் வேண்டாம் என்றும் நினைத்தேன். மறுநாள் காலை கிண்ணம் வந்தது. "உப்பு சரியா இருக்குக்கா" என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தாமரைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அக்கா ஆடிப்போய்விட்டாள். பிடித்ததைச் சாமிக்கு விடுவது என்று நம் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைச் செய்தாள். அவளுக்கு உயிர் எதில் என்றால் தே தாரிக் என்கிற பால் டீயிலும் கெட்டித் தயிரிலும்தான். சாமி விளக்கை ஏற்றி, எங்கள் எல்லாருக்கும் முன்னால் சூடத்தின் மேல் கை வைத்து, "இனிமே பால் தொடமாட்டேன், தயிர் தொடமாட்டேன், மோர்கூட கெடையாது, எம்பிள்ளைய விட்டுரு" என்று அழுதாள். அழுத அழுகையில் கை சூட்டில் படுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாப்பாடு என்பது சோறு, கீரை, காய். மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்துக் கடுங்கட்டியாகப் பால் இல்லாத தே ஓ. ஆள் பாதியாக இளைத்தாள். முகம் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி வெளுத்தது.

போன வருஷம் ஒரு காலை, கிண்ணத்தை என்னிடம் நீட்டியவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. லைட்டைப் போட்டு, "வாயத் தொறங்க" என்று அதட்டினேன். ஐந்து வருஷத்தில் அவள் வாய்க்குள் நான் எட்டிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஊரார் வாயை எல்லாம் பார்த்து வயிறு வளர்க்கிற எனக்கு, பக்கத்து வீட்டு வாயைப் பார்க்க ஐந்து வருஷம் ஆயிற்று.

நாக்கு என்றால் மேலே சொரசொரவென்று இருக்க வேண்டும். அவள் நாக்கு வழுவழுவென்று, தோல் உரித்த மாதிரி சிவந்து பளபளத்தது. இது உஷ்ணம் இல்லை. இப்படி நாலைந்து நாக்குகளை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே கடையைப் பூட்டச் சொல்லி ரயிலேற்றிக் கூட்டிப் போனேன்.

எங்கள் டாக்டர் பிரேமினி சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. பல்லை ஒரு நிமிஷம் பார்த்தாள், நாக்கை ஐந்து நிமிஷம் பார்த்தாள்.

"ஆன்டி, கால் மரத்துப் போகுதா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொன்னியா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"பல்லு டாக்டருக்குக் காலு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

பிரேமினி சிரித்தாள். "உடம்புல என்னா கொறைஞ்சாலும் பல நேரம் வாய்தான் ஆன்டி மொதல்ல சொல்லும். வைட்டமின் சி கொறைஞ்சா ஈறுல ரத்தம் வரும். இரும்புச்சத்து கொறைஞ்சா உதட்டோரம் வெடிக்கும், நாக்கு வெளுக்கும். உங்க நாக்கப் பாத்தா பி பன்னெண்டுன்னு ஒரு வைட்டமின் இல்ல போல இருக்கு. அது இல்லாட்டி ரத்தமும் ஊறாது, நரம்பும் கெட்டுப் போகும். அதான் காலக் கேட்டேன். என்னா சாப்பிடுறீங்க?"

சொன்னாள். பால் விட்ட கதையையும் சொன்னாள். பிரேமினி வாய்க் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் தட்டித் தன் அண்ணன் டாக்டர் அருணனிடம் அனுப்பினாள். அவர் பொது மருத்துவர். இரண்டு கிளினிக்குக்கும் நடுவில் ஒரு கதவுதான். ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று நானும் கூட உட்கார்ந்தேன். பி பன்னிரண்டு அடிமட்டம், இரும்பும் குறைவு.

"இந்த பி பன்னெண்டு காய்கறியில, கீரையில கெடையாது ஆன்டி" என்றார் அருணன். "மீன், எறச்சி, முட்டை, பால், இதுலதான் இருக்கு. முன்னாடி தின்னதெல்லாம் ஈரல்ல கொஞ்ச வருஷத்துக்குச் சேந்திருக்கும், அது கரைஞ்சிருச்சு. பால், தயிர்லேருந்து கொஞ்சம் கெடைச்சுக்கிட்டு இருந்தது, அதையும் நிறுத்திட்டீங்க. சாப்பாட்டோட தே குடிச்சா இரும்பையும் உடம்புல சேர விடாது."

"நான் கவுச்சி தொடமாட்டேன் டாக்டர்."

"தொட வேணாம். ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர வளத்து அதுலேருந்து எடுக்கிறாங்க. ஆடு மாட்டுலேருந்து எடுக்கிறதில்ல. உங்க வேண்டுதலுக்கு ஒரு பங்கமும் இல்ல."

ஊசிக்குக் கையை நீட்டினாள். ஆனாலும் அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை.

"சாப்பாடுன்னு சொல்றீங்களே டாக்டர், எங்க வீட்டுக்காரரும் பதிமூணு வருஷமா ஒரே பானைச் சோறுதான் திங்கிறாரு. நான் ஆக்குறதுதான். அவரு கல்லு மாதிரி இருக்காரே? சாப்பாடுன்னா ரெண்டு பேருக்கும்தானே வரணும்?"

அருணன் நெற்றியைச் சுருக்கினார். "அங்கிள் பால் குடிப்பாரா?"

"மொதல்லேருந்தே தொடமாட்டாரு. வயிறு ஒத்துக்காது."

"அப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க. சில பேருக்கு வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள நரம்பு கெட்டுக்கிட்டே வரும். என்னா வேலை பாக்குறாரு?"

"கொள்கலன் லோரி."

"கால் மரத்துப் போனா பிரேக் மிதிக்கிறது தெரியாது ஆன்டி. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். அக்காவுக்குத் தன் நாக்கு மறந்துபோயிற்று, கால் மறந்துபோயிற்று. வீடு வருகிற வரைக்கும், "பிரேக் மிதிக்கிற காலு புனிதா, பிரேக் மிதிக்கிற காலு" என்று பிதற்றிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் என்னென்னவோ சொல்லி நழுவினார். ஷிப்ட் மாறிவிட்டது என்றார். பினாங்குக்கு லோடு இருக்கிறது என்றார். ஊசி என்றால் பயம் என்றார், முதுகில் வேல் குத்திக் காவடி எடுத்த மனுஷன்! பத்து நாள் அவள் விடவில்லை. கடைசியில் லோரிச் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, "ரத்தம் குடுத்துட்டு வாங்க, சாவி தரேன்" என்றாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தத்தில் என்ன எழுதியிருக்கும் என்று அந்த மக்குக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, சோறும் ஒரு நாள் பேசும் என்று எங்கே தெரியும்?

முடிவு வந்தது ஒரு சனிக்கிழமை. மூன்று பேரும் அருணன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா கையில் விபூதிப் பொட்டலம்.

"அங்கிளும் ஆன்டியும் சேந்தே கேக்கலாம்தானே?" என்றார் அருணன். அக்கா முந்திக்கொண்டு ஆமாம் என்றாள். அண்ணனும் தலையை ஆட்டினார். அருணன் காகிதத்தைப் பார்த்தார், சந்தோஷமாக நிமிர்ந்தார்.

"அங்கிள், உங்களுது ஃபர்ஸ்ட் கிளாஸ்! பி பன்னெண்டு, இரும்பு எல்லாம் நெறைய இருக்கு. என்னா மாத்திரை எடுக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அண்ணன், பெரிய கண்டத்தைத் தாண்டியவர் போல. "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "முருகா" என்று விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். அவருக்கு ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பூசிய கை பாதியில் நின்றது. மெல்ல அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், காய்கறியில இது கெடையாதுன்னு சொன்னீங்கல்ல?"

அருணனுக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தைக் கீழே வைத்தார். "ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி ஆன்டி..."

"ஒரே பானைச் சோறு. மாத்திரையும் இல்ல, பாலும் இல்ல. இவருக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணனுக்கு அந்த ஏர்கோன் குளிரிலும் வேர்த்தது. "வெளிய போயி பேசலாம்லா" என்றார்.

வெளியே பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் சனிக்கிழமைக் கூட்டத்தில் பொங்கி வழிந்தன. அவள் நடந்துகொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது வருஷம்."

"எங்க?"

"கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்னாடி. கூட்டாளிங்க கூப்பிட்டானுங்க. மொதல்ல ஒரு தடவதான் அமுதா..."

"நாக்கு எரியுதுன்னு அழுதேனே. குத்தம் வந்திருச்சு, பிள்ளைய எடுத்துக்கப் போறான்னு சூடத்து மேல கை வெச்சேனே. எதிர்லதானே நின்னீங்க?"

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே அமுதா. இத்தனை வருஷம் தின்னேன், சாமி ஒண்ணும் பண்ணலியே."

அவள் நின்றாள். "ஆமா. சாமி ஒண்ணும் பண்ணல. நீங்கதான் பண்ணீங்க."

"சொன்னா நீ தாங்க மாட்டேன்னு..."

"கத்தியிருப்பேன். ஒரு வாரம் சோறு போட்டிருக்க மாட்டேன். அப்புறம் போட்டிருப்பேன். நீங்க தின்னதுக்கு நான் அழல. குத்தம் எங்கிட்டதான்னு நெனச்சு ஒவ்வொண்ணா விட்டேனே, அத ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே! நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "மனுஷனா அண்ணே நீங்க?" என்று நடுத்தெருவில் கத்தினேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். காட்டிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன். கடைசி வரை அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளான் ரயில் வந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பாமல் நேரே பெண்கள் பெட்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். அவர் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு அடுத்த பெட்டிக்கு நடந்தார்.

ஒரு மணி நேரப் பயணம். சுபாங் ஜெயா போனது, ஷா ஆலாம் போனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, ஆம்பளைங்க புத்தியே அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எவ்வளவு வாய் கூசாமல் சொன்னேன்!

கிள்ளான் ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்தது. அவள் வெளியே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெனம் இந்த வழியாத்தானே வேலைக்குப் போற. ஒரு நாளுகூட நீ அவரப் பாக்கலியா புனிதா?"

சந்தேகத்தில் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்லுவேன் என்று நம்பித்தான் கேட்டாள். ஒரு 'இல்லக்கா' போதும், எல்லாம் பழையபடி இருந்திருக்கும். வாயில் வந்தும் விட்டது. ஆனால் ஐந்து வருஷம் அவள் வீட்டு உப்பு இந்த வாயில் விழுந்திருக்கிறது.

"பாத்தேன்க்கா."

"எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும்."

கதவு மூடியது. ரயில் நகர்ந்தது. அவள் மெதுவாகத் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நான் பாலு விட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அன்னிக்கு நீயும்தானே அங்க இருந்த."

"ஆமாக்கா."

அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கம்போங் ராஜா ஊடாவில் இறங்கி எனக்கு முன்னால் நடந்து போனாள். கால் தரையில் சரியாகப் பதியாமல் ஒரு தள்ளாட்டம் இருந்தது. ஓடிப் போய்ப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிவிட்டது. ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. நாக்கில் புண் போய், சொரசொரப்பு திரும்பிவிட்டதாம். பிரேமினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊசிக்கு நான் வேலையில் இல்லாத நாளாகப் பார்த்து வந்துவிட்டுப் போகிறாள். கால் மரப்பு பாதி போயிருக்கிறது, மீதி போகுமா என்று சொல்ல முடியாது என்கிறார் அருணன். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று வேறு சொல்கிறார். தே தாரிக் குடிக்கிறாள். கவுச்சி இன்றைக்கும் தொடுவதில்லை.

அண்ணனுக்குப் புதுச் சட்டி ஒன்று வாங்கி, பின்கட்டில் தனி அடுப்பும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். "வேணும்னா இங்கயே ஆக்கித் தின்னுங்க, ஒளிஞ்சு போயி திங்க வேணாம்" என்றாளாம். அவர் அந்தச் சட்டியை இதுவரை தொடவில்லை. கிள்ளான் கடைக்கும் போவதில்லை என்று தாமரை சொல்கிறாள். உண்மையோ பொய்யோ, இனி அதை யார் நம்புவது?

என்னிடம் பேசாமல் இல்லை. கடைக்குப் போனால் இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், வேலை எப்படி என்று கேட்கிறாள். பின்கதவைத்தான் யாரும் தட்டுவதில்லை. ஐந்தரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. படுத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் நானே போய்விட்டேன். பின்சந்து வழியாக, கையில் என் வீட்டுக் கிண்ணம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். கேட்காமலே ஒரு கரண்டி ஊற்றினாள். குடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய் பரபரத்தது.

"உப்பு ஒரு பொட்டு கூட இருக்கு போலக்கா."

அவள் கரண்டியை எடுத்து, ஊதி, தன் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இல்ல புனிதா. சரியாத்தான் இருக்கு" என்றாள். "இப்பல்லாம் நானே பாத்துக்கிறேன்."